டெரிக்கின் அட்டையில் இருந்த எண்

லண்டனில் பன்னிரண்டு வருஷம் நான் வேலை செய்தது துப்பாக்கி திருத்தும் பட்டறை ஒன்றில் என்று சொன்னால், நம்மவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு குரலைத் தாழ்த்துவார்கள். போன மாதம் கோயில் அன்னதான வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிக் கேட்டார்.

"அண்ணை, நாங்கள் துவக்குச் சத்தத்துக்கு ஓடி வந்த ஆக்கள். நீங்கள் என்னெண்டு துவக்குக் கடையிலயே போய் இருந்தனீங்கள்?"

"கடை இல்லைத் தம்பி, பட்டறை. சுடுற வேலை இல்லை, அளக்கிற வேலை" என்றேன். அவருக்கு அது போதவில்லை. சாப்பாட்டுத் தட்டு கைக்கு வரும்வரை துருவிக்கொண்டே இருந்தார். வரிசையில் நின்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். எழுத வேண்டியது ஒரு சம்பவம்தான், 2009ஆம் ஆண்டு நடந்தது. அதில் பிழை விட்டவன் நான்.

என் தொழில் கடைச்சல். யாழ்ப்பாணத்தில் தொடங்கினேன், பிறகு சுவிஸில் பதினாறு வருஷம் ஒரு தொழிற்சாலையில் லேத் மெசினுக்கு முன்னால் நின்றேன். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று மனைவி சாந்தி பிடிவாதம் பிடித்ததால் லண்டன் வந்து குட்மேய்ஸில் வீடு எடுத்தோம். வந்த புதிதில் ஒரு பாண் பேக்கரியிலும் ஒரு பெற்றோல் நிலையத்திலும் நின்று கை துருப்பிடித்துப் போனது. பேப்பரில் ஒரு மூலையில் ‘நுண்ணளவுக் கடைச்சல்காரர் தேவை’ என்று பார்த்துப் போன இடம்தான் கென்னின் பட்டறை. என்ன வேலை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பொலிஸ் என்னைப் பற்றி விசாரித்து முடிக்கும்வரை பல மாதம் காத்திருந்தேன். அந்த மாதங்களில் எனக்கு இருந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல.

இங்கே இலக்குப் பார்த்துச் சுடுவது சிலருக்கு விளையாட்டு. உரிமம் எடுத்து, சங்கத்தில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் குப்புறப் படுத்துக் காகித வட்டத்தைச் சுடுவார்கள். அவர்களில் நுணுக்கம் பிடித்தவர்கள் கடைத் தோட்டா வாங்குவதில்லை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதை எடுத்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, கோதின் வாயில் சன்னத்தை, அதாவது ஈயக் குண்டை, பொருத்தித் தாங்களே தோட்டா செய்வார்கள். நாங்கள் அவர்களின் துப்பாக்கிகளுக்குக் குழல் மாற்றிக் கொடுப்போம். தோட்டா சரிவராவிட்டால் ஏன் என்று கண்டுபிடித்தும் கொடுப்போம்.

இதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விளக்கிவிடுகிறேன். கோதுக்குப் போத்தலைப் போலக் கழுத்தும் தோளும் உண்டு. சுடும்போது அது ஊதி, துப்பாக்கியில் தோட்டா இருக்கும் அறையின் வடிவத்தை எடுக்கும். மறுபடி நிரப்பும் முன் அந்தத் தோளைச் சற்றுப் பின்னால் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் அறைக்குள் இறுகும். தள்ள வேண்டியது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒரு பங்கை இங்கே ‘தவ்’ என்பார்கள். கூடத் தள்ளினால் கோதுக்கும் அறைக்கும் இடையில் வெளி விழுந்துவிடும். அதை ஹெட்ஸ்பேஸ் பிழை என்போம். அளவு பெரிய சப்பாத்துக்குள் கால் ஓடுவது போலக் கோது உள்ளே ஓடும். சுடச்சுட அடிப்பக்கம் இழுபட்டு மெலியும். ஒருநாள் வெடித்துப் பிரியும்.

முதலாளி கென் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் பெயர் யோகராசா. அவர் "யோகா" என்று கூப்பிடுவார், ஏதோ வகுப்புக்கு ஆள் சேர்ப்பது மாதிரி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் "பார்த்தால் இப்படித் தோன்றுகிறது" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அப்படியே திரும்பிப் போய்விடுவார். அவருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: "என்ன அளந்தாய்?" அளக்கும் முன் கையைக் கழுவுவார். அளக்க வேண்டிய கோதுகளையும் அளவு கருவியையும் ஒரே மேசையில் ஒரு மணிநேரம் கிடக்க விடுவார், இரண்டும் ஒரே சூட்டுக்கு வரட்டும் என்று. ஒவ்வொன்றையும் மூன்று தரம் அளப்பார். முதல் தரம் எழுதியதை ஒரு மட்டையால் மூடிவிட்டுத்தான் இரண்டாம் தரம் அளப்பார். முதல் எண்ணைக் கண்டால் கை அதற்கு ஏற்றபடி பொய் சொல்லும் என்பது அவர் கொள்கை. ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. சுவிஸ்காரரே இவ்வளவு செய்யவில்லையே என்று நினைத்தேன். ஒரு வருஷத்தில் நானும் மட்டையால் மூட ஆரம்பித்துவிட்டேன்.

இனி டெரிக். ரயில்வேயில் சிக்னல் கூண்டில் இருந்து ஓய்வு பெற்றவர், ஃபாரஸ்ட் கேட்டில் தனியாக இருந்தார். மனைவி மறதி நோயில் படிப்படியாக எல்லாவற்றையும் இழந்து இறந்துபோனார். கடைசி ஆறு வருஷம் டெரிக்தான் பார்த்தார். அவருக்கு மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமைச் சங்கமும் அந்தத் துப்பாக்கியும். 2009 ஏப்ரலில் அதற்கு நாங்கள் புதுக் குழல் போட்டுக் கொடுத்தோம். கையால் தோட்டா நிரப்ப அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார். அதனால் அச்சை எப்படி வைப்பது, தோளை எவ்வளவு தள்ளுவது என்று அட்டையில் எழுதிக் கொடுத்தோம். அட்டையை எழுதியது நான். அதன் கார்பன் நகல் ஒன்று எங்கள் மேசை லாச்சிக்குள் போகும்.

ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை டெரிக் துப்பாக்கிப் பையுடன் வந்து நின்றார். கன்னத்தில் கறுப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள்.

"ஞாயிற்றுக்கிழமை ஒரு கோது வெடித்துப் பிரிந்தது. புகை முகத்துக்கு வந்தது. கண்ணாடி போட்டிருந்தேன்" என்றார். ஆங்கிலத்தில்தான் பேசினார், என் நினைவில் எல்லாம் தமிழாகத்தான் இருக்கிறது.

"அதற்கு முன்னால் ஏதாவது வித்தியாசம் கண்டீர்களா?" என்று கென் கேட்டார்.

டெரிக் தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். சன்னத்தின் வேகத்தை ஒவ்வொரு சூட்டுக்கும் குறித்து வைத்திருந்தார். ஒரே மருந்து, ஒரே நிறை, ஆனால் வேகம் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கிக் கிடந்தது. "வெள்ளிக்கிழமை சங்கத்தின் குழு கூடுகிறது. பிழை துப்பாக்கியிலா என்னிலா என்று அதற்குள் சொல்ல வேண்டும். என்னில் என்றால் என்னை வெளியே போகச் சொல்வார்கள். சொல்வது நியாயம்தான்" என்றார்.

கென் கை கழுவப் போனார்.

முதலில் துப்பாக்கி. அறையின் ஆழத்தைச் சோதிக்க இரண்டு எஃகுக் கட்டைகள் உண்டு. ஒன்றைப் போட்டால் அறையின் பூட்டு மூட வேண்டும், மற்றதைப் போட்டால் மூடக் கூடாது. முதலாவதில் மூடியது, இரண்டாவதில் மூடவில்லை. குழல் வேலையில் பிழை இல்லை. அது நான் கடைந்த அறை. எனக்கு மூச்சு வந்தது.

அடுத்தது தோட்டாக்கள். டெரிக் நிரப்பிக் கொண்டுவந்த இருபதில் பத்தைப் பிரித்து, உள்ளே இருந்த மருந்தை நிறுத்தேன். பத்தும் தராசில் ஒரே கோட்டில் நின்றன. நாங்கள் பட்டறையில் செய்தாலும் அப்படி வராது. வேகம் மாறியதற்கு மருந்து காரணமல்ல.

பிறகு சுட்ட கோதுகள். ஒரு மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கூராக்கி, கோதுக்குள் விட்டு, அடியில் இருந்து உட்சுவரோடு மேலே இழுத்தேன். நல்ல கோதில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். இதில் அடிக்குச் சற்று மேலே டக்கென்று ஒரு பள்ளத்தில் மாட்டியது. அடுத்ததிலும் அதே இடம். அதற்கடுத்ததிலும் அப்படியே. ஒன்றை நீளவாக்கில் அரிந்து கென்னிடம் கொடுத்தேன். மெலிந்த வளையம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. தலையாட்டிவிட்டு, "நாளைக்கு அளப்போம்" என்றார்.

புதன்கிழமை டெரிக்கும் கூட இருந்தார். சுட்ட கோது பத்து, அவர் அச்சில் அழுத்திய கோது பத்து. மூன்று தரம் அளந்தோம், மூன்று தரமும் மூடி வைத்து. வித்தியாசம் ஏழு தவ்.

"தோளை எவ்வளவு தள்ளினீர்கள்?" என்றார் கென்.

"ஏழு" என்றார் டெரிக், யோசிக்காமல்.

"ஏன் ஏழு?"

"உங்கள் அட்டையில் இருந்தது."

கென் அவரைப் பார்த்தார். "இந்தப் பட்டறையில் யாரும் ஏழு எழுத மாட்டார்கள். அட்டை எங்கே?"

"புத்தகத்தில் ஏற்றிய பிறகு துண்டை வைத்திருப்பதில்லை. ரயில்வே பழக்கம்." புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அவர் கையெழுத்தில், அச்சடித்தது போல, ஏழு.

"யோகா, நகலை எடு."

லாச்சியைத் திறந்து நகலை எடுத்தேன். நின்ற இடத்திலிருந்தே வாசித்தேன். "தோள், ஒரு தவ்."

கென், கூடியவரை மெதுவாக, விளக்கினார். ஏழு தவ் வெளி இருக்கும்போது துப்பாக்கியின் ஊசி பின்னாலிருந்து அடித்தவுடன் கோது முன்னால் ஓடிவிடும். அடி ஒருமுறை பலமாகவும் ஒருமுறை சோர்வாகவும் விழும். மருந்து ஒரே மாதிரிப் பற்றாது, அதுதான் வேகம் ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் கோது இழுபட்டது, ஐந்தாம் முறை பிரிந்தது. துப்பாக்கியில் பிழை இல்லை.

டெரிக் தன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழு என்று சத்தியம் செய்திருப்பேன்" என்றார். பிறகு, எங்களிடம் என்றில்லாமல், "மனைவிக்கும் எண்களில்தான் தொடங்கியது. முதலில் தொலைபேசி எண்கள்" என்றார். துப்பாக்கியை எங்களிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அன்று பின்னேரம் வேலை ஓடவில்லை. தராசில் மயிரிழை பிசகாத மனுஷன், நாற்பது வருஷம் ரயில்களைப் பிழையில்லாமல் விட்டவர், ஓர் எண்ணைப் பிழையாக வாசிப்பாரா? நகலை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தேன். எத்தனை தரம் பார்த்தாலும் ஒன்றுதான். நான் எழுதிய எண் எனக்குத் தெரியாதா? செய்யக் கூடாத வேலை ஒன்று செய்தேன். அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சாந்தி வெண்டிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அட்டையை நீட்டி, "இதில என்ன எண் கிடக்கு?" என்றேன்.

கத்தியை வைக்காமலே எட்டிப் பார்த்தாள். "ஒண்டு. ஏன்?"

மேசையின் மறுபக்கத்தில் மகள் மதுரா லாப்டொப்புடன் இருந்தாள். சின்னதிலிருந்தே லண்டன் பள்ளிக்கூடத்தில் படித்து, யூனிவர்சிட்டிக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவளிடமும் காட்டினேன்.

"செவன்" என்றாள்.

"வடிவாப் பார் பிள்ளை."

"செவன்தான் அப்பா. வேற என்ன?"

"உதென்ன கதை, அது ஒண்டல்லோ" என்றாள் சாந்தி. தாயும் மகளும் வாக்குவாதப்பட்டார்கள். அட்டையைத் திருப்பி வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

சுவிஸில் ஒன்று எழுதினால் மேலே முன்பக்கம் நீளமாக ஒரு மூக்கு இழுப்பார்கள். ஏழுக்கு நடுவில் ஒரு வெட்டுக் கோடு போடுவார்கள். அதனால் அங்கே ஒருவருக்கும் குழப்பம் வராது. இங்கே ஒன்று வெறும் தடி. மூக்கு வைத்தால் அது ஏழு. லண்டன் வந்த நாளில் இருந்து தடியாகத்தான் எழுதிப் பழகியிருந்தேன். ஆனால் அந்த ஏப்ரலில் சாந்தியின் தம்பி குடும்பத்தோடு வன்னியில் கடைசிப் போருக்குள் அகப்பட்டிருந்தான். பகல் முழுவதும் போனைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். பின்னேரங்களில், போரை நிறுத்தக் கேட்ட கூட்டத்தோடு பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றேன். புத்தி ஓரிடத்தில் இருக்க, கை பதினாறு வருஷப் பழக்கத்துக்குப் போய்விட்டது. சாட்டுச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் சாந்தி கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

"நீங்கள் பொய் சொல்லேல்லையே. ஒண்டெண்டுதானே எழுதினனீங்கள், ஒண்டெண்டுதானே வாசிச்சனீங்கள்?"

"அவர் வாசிச்சதும் சரிதான்."

"இஞ்சேருங்கோ, இப்ப என்ன காலமெண்டு தெரியுந்தானே? துவக்குப் பட்டறையில தமிழன் பிழை விட்டான், கிழவனுக்கு முகத்தில வெடிச்சுது எண்டு வெளியால வந்தா என்ன கதைப்பாங்கள்? பொலிஸ் திரும்பவும் உங்களைத் தோண்டாதோ? வேலை போனா இந்த வயசில ஆர் எடுப்பினம்? அவருக்கு வயசு போட்டுது. விட்டிட்டு வேற விளையாட்டு விளையாடட்டும்."

"விளையாட்டில்லை சாந்தி. தனக்கு மூளை பழுதாகுது எண்டு அந்த மனுஷன் நினைச்சுக்கொண்டு போறார். நீர் அந்த முகத்தைப் பார்க்கேல்லை."

"பார்க்காமல் இருக்கிறதுதான் நல்லது" என்றாள். கோபத்தில் சொன்னாள், அவள் சொன்ன பயம் ஒவ்வொன்றும் எனக்குள்ளும் இருந்தது. அவள் வாயால் கேட்டதும் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அன்றைக்குச் சோற்றை அளைந்துவிட்டு எழும்பினேன். விடிய வேலைக்கு வெளிக்கிட்டபோது சாந்தி சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் தந்தாள். "சொல்லத்தான் போறீங்கள் எண்டு தெரியும். சுருக்கமாச் சொல்லுங்கோ. நீங்கள் சுத்தி வளைச்சுக் கதைச்சா ஒருத்தருக்கும் விளங்காது" என்றாள்.

சுருக்கமாகவே சொன்னேன். "கென், டெரிக் பிழையாக வாசிக்கவில்லை. நான் எழுதிய ஒன்று ஏழு மாதிரி இருக்கிறது."

"என்ன அளந்தாய்?" என்றார்.

"இரண்டு பேரிடம் காட்டினேன். சுவிஸில் இருந்தவர் ஒன்று என்றார். இங்கே படித்தவர் ஏழு என்றார்."

அட்டையை வாங்கி யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார். நேற்று நான் வாசித்ததை அவர் காதால் கேட்டாரே தவிர, அட்டையைக் கையில் வாங்கவில்லை. மூன்று தரம் மூடி வைத்து அளக்கிற மனுஷன், வாயால் சொன்ன ஓர் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டார். அது அவருக்கும் அப்போது விளங்கியிருக்க வேண்டும். காது சிவந்துபோனது.

"ஏழு" என்றார். போய்க் கை கழுவினார். திரும்பி வந்து சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். நான்கு வரிதான். பிழை எங்கள் பட்டறையின் எழுத்தில், தோட்டா நிரப்பியவர் எழுதியபடியே செய்தார், அவர் வேலையில் குறை எதுவும் காணவில்லை. கீழே தன் பெயரைப் போட்டார். என் பெயர் அதில் இல்லை.

"என் பெயரையும் எழுதுங்கள்" என்றேன்.

"பட்டறை என்னுடையது" என்றார். பிறகு கோட்டை எடுத்தார். "டெரிக்கிடம் நீயே சொல்."

வழி முழுவதும் வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்க நாக்கு எழவில்லை. ஃபாரஸ்ட் கேட்டில் நம்மவரின் மரக்கறிக் கடைக்குப் பின்தெருவில் டெரிக்கின் வீடு. கதவைத் திறந்தவர் எங்களைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. குசினிக்குக் கூட்டிப்போனார். மேசையில் ஒரு பழுப்புக் கடித உறை, பொலிஸ் முகவரி எழுதி, ஒட்டாமல் கிடந்தது. துப்பாக்கி உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று பார்த்தவுடன் விளங்கியது.

அதைவிட வேறொன்றைக் கண்டேன். அலுமாரிக் கதவுகளில், போத்தல்களில் எல்லாம் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. கோப்பை. தேயிலை. சீனி. புதுக் காகிதம், ஓரம்கூடச் சுருளவில்லை. மனைவிக்காக ஒட்டியவையாக இருக்க முடியாது.

யோசித்து வைத்திருந்த மன்னிப்பு எல்லாம் மறந்துபோனது. நகலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதில் என்ன எண் இருக்கிறது என்று சொல்லுங்கள்."

அவர் அட்டையைத் தொடவில்லை. "நீயே நேற்று வாசித்தாயே."

"நீங்கள் வாசியுங்கள்."

கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டார். குனிந்தார். என்னைப் பார்த்தார், கென்னைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். பரீட்சையில் விடை தெரிந்தும் சொல்லப் பயப்படும் பிள்ளை மாதிரி இருந்தார்.

"எனக்கு ஏழாகத்தான் தெரிகிறது" என்றார், மிகச் சின்னக் குரலில்.

"ஏழுதான்" என்றேன். "நான் ஒன்று என்று நினைத்து எழுதினேன். ஆனால் எழுதியிருப்பது ஏழு. நீங்கள் சரியாக வாசித்தீர்கள். பிழை என் கை."

"எனக்கும் ஏழுதான்" என்றார் கென்.

டெரிக் இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. எழும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேத்தலில் தண்ணீர் பிடித்தார்.

"இருவருக்கும் சீனி போடவா?" என்று கேட்டபடியே, சீனிப் போத்தலில் ஒட்டியிருந்த துண்டை நகத்தால் உரிக்கத் தொடங்கினார்.